பழைய டியாகோ ஜேடிபி: 1,140 கி.மீ. ஓட்டிய பிறகு ஒரு சந்தேகம்

பீளமேட்டு சிவப்பு எழுதியது:

வணக்கம். மார்ச் மாதம் டாடா டியாகோ காரின் வேக ரகமான ஜேடிபி ஒன்று வாங்கினேன். 2019 ஜனவரி பதிவு, 38,000 கி.மீ. ஓடியது. முதல் ஓனர் வெளிநாடு போய்விட்டதால் ஒரு வருஷம் போர்ட்டிகோவில் கவர் போட்டு நின்ற வண்டி. 4.3 லட்சத்துக்கு முடித்தேன். 2018 அக்டோபரில் புதிதாக வந்தபோதே ஷோரூம் விலை 6.39 லட்சம்தானே, கூடக் கொடுத்துவிட்டாய் என்று மச்சான் இன்னும் சொல்லிக்காட்டுகிறார். டாடாவோடு சேர்ந்து நம்ம ஊர் ஜெயம் ஆட்டோமோட்டிவ்ஸ் கை வைத்த வண்டி, அது கோயம்புத்தூரை விட்டு வேறெங்கே போகவேண்டும் என்பது என் கட்சி.

ஊருக்குள் ஆபீஸ், காய்கறிக் கடை என்று ஓட்டியதில் வண்டியின் குணம் ஒன்றும் பிடிபடவில்லை. ஆடி பிறந்ததும் நான், மனைவி, அம்மா மூவரும் கிளம்பினோம். தாராபுரம், திண்டுக்கல், மதுரை, நெல்லை வழியாகக் கன்னியாகுமரி. திரும்பும்போது அம்பாசமுத்திரம், தென்காசி, ராஜபாளையம், தேனி, போடிமெட்டு, மூணாறு, மறையூர், உடுமலை. நாலு நாள், மீட்டரில் 1,140 கி.மீ.

முதலில் நல்லது. சாதாரண பெட்ரோல் டியாகோவில் 85 குதிரைத்திறன், இதில் டர்போவோடு 114. காகிதத்தில் பார்த்தால் பெரிதாகத் தெரியாது. மதுரை தாண்டி நாலு வழிச்சாலையில் மூன்றாவது கியரில் லாரியைத் தாண்டும்போது தெரியும். மிதிக்கிறோம், ஒரு மூச்சு இழுத்துக்கொள்கிறது, அப்புறம் லாரி கண்ணாடியில் இருக்கிறது. கியர்களைக் கிட்டக்கிட்ட வைத்திருக்கிறார்கள். அதனால் ஐந்தாவதில் 100 போகும்போதே முள் மூவாயிரத்துப் பக்கம் நிற்கிறது, ஆறாவது இருக்கிறதோ என்று கை தானாகப் போகிறது. நெடுஞ்சாலையில் லிட்டருக்கு 16 கொடுத்தது, மலையில் 10. டேங்க் 35 லிட்டர்தான், ஆகவே பங்க் பார்த்த இடத்தில் ஒரு கண் வைக்கவேண்டியிருக்கிறது.

முப்பந்தலில் ஆடிக்காற்று. காற்றாலை எல்லாம் வெறி பிடித்துச் சுற்றுகிறது. ஒரு பஸ்ஸின் மறைவிலிருந்து வெளியே வந்ததும் பக்கவாட்டில் யாரோ தோளால் இடித்ததுபோல் வண்டி ஒரு அடி நகர்ந்தது. அம்மா "முருகா" என்றார். அதோடு சரி, 70க்கு இறக்கிவிட்டேன்.

போடிமெட்டில் மழை. 17 கொண்டை ஊசி வளைவு. இரண்டாவது கியரில் வளைவுக்குள் போனால் இன்ஜின் சுற்று இரண்டாயிரத்துக்குக் கீழே விழுந்து, வண்டி தூங்கிவிடுகிறது. முதல் கியருக்குப் போனால் உறுமிக்கொண்டு ஏறுகிறது. நாலைந்து வளைவுக்குப் பிறகு வளைவுக்கு முன்பே முதல் கியர் என்று பழகிக்கொண்டேன். ஒன்பதாவதோ பத்தாவதோ வளைவில் ஸ்டீயரிங்கைத் திருப்பினேன், முன்பக்கம் திரும்பாமல் ஒரு கணம் நேராகவே வழுக்கிப் போனது. வேகம் 25கூட இருக்காது. மனைவி அப்புறம் மூணாறு வரைக்கும் பேசவில்லை.

சஸ்பென்ஷன் இறுக்கம். பின் சீட்டில் இருந்த அம்மா, "இதுக்கு உங்க தாத்தா மாட்டு வண்டியே தேவலைடா" என்று இரண்டு முறை சொன்னார். மறையூரில் வெல்லம் ஐந்து கிலோ வாங்கி டிக்கியில் போட்ட பிறகு, உடுமலை வரும்வரை பின்னால் இடது பக்கம் கடகட என்று ஒரு சத்தம் வேறு.

இப்போது கேள்வி. 90லிருந்து 105 வரை ஸ்டீயரிங் நடுங்குகிறது. 115இல் நின்றுவிடுகிறது. பிரேக் அடிக்கும்போது இல்லை. வண்டி விற்றவர் "அலைன்மென்ட் பார்த்தால் சரியாகிவிடும்" என்றார். சக்கரங்களின் கோணத்தைச் சரிபார்க்கும் அந்த வேலையைச் செய்து பார்த்தேன், சரியாகவில்லை. வேறு என்ன பார்க்கலாம்? டயரில் பட்டன் (தரையைப் பிடிக்கும் வெட்டுகளின் ஆழம்) நன்றாக இருக்கிறது, 5 மி.மீ. குறையாது.

ரிங்ரோடு எழுதியது:

ப்ரோ செம வண்டி. டயர் சைஸ் 185/60 ஆர்15 தானே? 195/55 போடுங்க. பக்கச்சுவர் குட்டை, ஸ்டீயரிங் இன்னும் கூர்மையாகிவிடும். அப்படியே இன்ஜினுக்கு ஒரு ரீமேப், கம்ப்யூட்டர் செட்டிங்கை மாத்தி பவர் ஏத்திடலாம். பின்னால் வரும் சத்தம் ஷாக் அப்சார்பராகத்தான் இருக்கும், நாலையும் மாத்திடுங்க.

பழைய ஸ்பேனர் எழுதியது:

தம்பி, காசு செலவு பண்ணுவதற்கு முன்னால் மூன்று விஷயம் சொல்லுங்கள். ஒன்று, நடுக்கம் கையில் மட்டும்தானா, சீட்டிலும் தெரிகிறதா? இரண்டு, காலையில் எடுத்ததும் அதிகமாக இருந்து, கொஞ்ச தூரம் ஓடியதும் குறைகிறதா? மூன்று, நாலு டயரிலும் பக்கச்சுவரில் நீள்வட்டத்துக்குள் நாலு இலக்கம் இருக்கும், அதைப் படித்துச் சொல்லுங்கள். முன் டயரில் உள்பக்கமாக இருந்தால் ஸ்டீயரிங்கை முழுசாகத் திருப்பிவிட்டு டார்ச் அடித்துப் பாருங்கள்.

கையில் நடுக்கம் என்றால் முன் சக்கரம், உட்காரும் இடத்தில் என்றால் பின் சக்கரம். பிரேக்கில் மட்டும் நடுங்கினால் டிஸ்க். அலைன்மென்ட் கோளாறு வண்டியை ஒரு பக்கம் இழுக்கும், டயரைத் தின்னும். ஒரு குறிப்பிட்ட வேகத்தில் மட்டும் வந்து போகிற நடுக்கம் பேலன்சிங் சமாசாரம், அதாவது சக்கரத்தின் எடை சுற்றிலும் சமமாக இல்லாதது. இரண்டையும் ஒன்றாகப் பேசுகிறவர்கள்தான் அதிகம்.

ஷாக் அப்சார்பர் பற்றி இப்போது பேசவேண்டாம்.

பீளமேட்டு சிவப்பு எழுதியது:

அண்ணா, நன்றி. கையில் மட்டும்தான். காலையில் முதல் பத்து பதினைந்து கி.மீ. அதிகம், அப்புறம் பாதியாகிவிடும். எப்படிச் சரியாகக் கேட்டீர்கள்?

முன் இரண்டிலும் 3418. பின் இரண்டிலும் 1122, கம்பெனியும் வேறு.

பழைய ஸ்பேனர் எழுதியது:

3418 என்றால் 2018ஆம் வருஷம் 34ஆவது வாரம். வண்டியோடு வந்த டயர். அது ஒரு வருஷம் ஒரே இடத்தில், காற்று இறங்கிப்போய், இன்ஜின் பாரத்தைத் தாங்கிக்கொண்டு நின்றிருக்கிறது. தரையில் பதிந்த இடம் தட்டையாகிவிடும். ஓடிச் சூடானதும் ரப்பர் கொஞ்சம் இளகி வட்டத்துக்கு வரும், அதனால்தான் காலையில் கேட்டேன். நாள் கணக்கில் நின்றதென்றால் முழுசாகச் சரியாகும். மாதக் கணக்கில் நின்றது அப்படியே தங்கிவிடும்.

பட்டன் 5 மி.மீ. இருக்கிறது என்கிறீர்கள். பட்டனை விடுங்கள், கட்டை விரல் நகத்தை ரப்பரில் அழுத்திப் பாருங்கள். பின் டயரில் இறங்கும், முன் டயரில் இறங்காது. ரப்பர் காய்ந்து கட்டையாகிவிட்டது. போடிமெட்டில் வழுக்கியது மழையோடு இதுவும் சேர்ந்துதான். 25 வேகத்தில் வழுக்குகிற டயரோடு முப்பந்தல் வரை போய் வந்திருக்கிறீர்கள், அம்மா கூப்பிட்ட முருகன்தான் பார்த்துக்கொண்டான்.

இரண்டு டயர் மட்டும் வாங்கினால் புதியதைப் பின்னால் போடுங்கள், 2022 டயரை முன்னால் கொண்டுவாருங்கள்.

ரிங்ரோடு எழுதியது:

அண்ணே, முன் சக்கரத்தில் ஓடுகிற வண்டி இது. பிடி வேண்டியது முன்னால்தானே? புதியதைப் பின்னால் போடச் சொல்கிறீர்களே.

பழைய ஸ்பேனர் எழுதியது:

எல்லாரும் கேட்கிற கேள்விதான். மழையில் முன்பக்கம் வழுக்கினால் வண்டி நேராகப் போகும். காலை எடுத்தால் வேகம் குறைந்து பிடி திரும்ப வரும். பின்பக்கம் வழுக்கினால் வண்டி சுற்றும். சுற்ற ஆரம்பித்த வண்டியை நிமிர்த்துவதற்கு நம்மில் எத்தனை பேருக்குக் கை பழகியிருக்கிறது? டயர் கம்பெனிக்காரர்களே நல்ல ஜோடியைப் பின்னால்தான் போடச் சொல்கிறார்கள்.

195/55 பற்றி: விட்டம் ஏழரை மி.மீ. குறையும், வண்டி நாலு மி.மீ. இறங்கும். ஜேடிபியையே சாதாரண டியாகோவைவிட நாலு மி.மீ. தாழ்த்தித்தான் கொடுத்தார்கள். அம்மா பின்னால் உட்கார்ந்து, வெல்லமும் ஏற்றி, நம்ம ஊர் வேகத்தடையில் போகிறவருக்கு அது எதற்கு?

சேலத்து வெள்ளை எழுதியது:

நானும் ஜேடிபிதான் வைத்திருக்கிறேன், வெள்ளை. ஒன்று மட்டும் சொல்கிறேன், பம்பரையும் சைடு ஸ்கர்ட்டையும் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளுங்கள். பிஎஸ்6 என்ற புதிய புகை விதி வருவதற்குள் இந்த வண்டி நின்றுபோனது. இன்ஜின், பிரேக் சாமான்களுக்குப் பயமில்லை, ஓடுகிற டியாகோ, டாடாவின் இன்னொரு காரான நெக்ஸான் இரண்டோடும் பெரும்பாலும் பொதுவானவை. இதற்கென்றே செய்த பிளாஸ்டிக்தான் தேடினாலும் கிடைப்பது கஷ்டம். நான் உயரமான வேகத்தடையைக் கண்டால் பின்னால் இருப்பவரை இறங்கச் சொல்லிவிடுவேன். என் மாமியார் ஒரு வருஷமாக இந்த வண்டியில் ஏறுவதில்லை.

ரீமேப் வேண்டாம். ஏழு வருஷத்து கிளட்சுக்கு இருக்கிற 150 நியூட்டன் மீட்டரே போதும்.

பீளமேட்டு சிவப்பு எழுதியது:

சனிக்கிழமை டயர் கடைக்குப் போனேன். முன் இடது சக்கரத்தைக் கழற்றி மெஷினில் மாட்டிச் சுற்றவிட்டதும் கடைப் பையனே சிரித்துவிட்டான். டயர் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு இடத்தில் நொண்டுகிறது, வெறும் கண்ணுக்கே தெரிகிறது. ரிம்மின் உள்பக்கம் எடைக்கட்டி ஒட்டியிருந்த பசைத் தடம் மட்டும் இருந்தது, கட்டியைக் காணோம். சமன் செய்ய மெஷின் 45 கிராம் கேட்டது. நகத்தையும் அழுத்திப் பார்த்தேன். முன் டயரில் நகம்தான் வளைந்தது.

அதே 185/60இல் இரண்டு புதியது வாங்கிப் பின்னால் போட்டாயிற்று. 2022 ஜோடி முன்னால். நாலுக்கும் பேலன்சிங். அவிநாசி வரை போய் வந்தேன், 100இல் ஸ்டீயரிங்கை இரண்டு விரலால் பிடித்தும் சும்மா இருக்கிறது. காலையிலும் பார்த்தேன், இல்லை.

பின்னால் வந்த கடகட சத்தம் மட்டும் போகவில்லை. ஷாக் அப்சார்பர்தான் என்று நானும் நம்பிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை ஸ்டெப்னியில் காற்றுப் பார்க்கலாம் என்று டிக்கி அட்டையைத் தூக்கினால், உள்ளே ஒரு மறையூர் வெல்ல உருண்டை. பை கிழிந்து உருண்டு விழுந்திருக்கிறது. சுற்றிலும் எறும்பு. அம்மாவிடம் காட்டினேன், "ஒண்ணு குறையுதுன்னு அன்னைக்கே சொன்னேனே" என்கிறார்.

எறும்பை எப்படி விரட்டுவது என்று யாருக்காவது தெரிந்தால் சொல்லுங்கள். மருந்து அடிக்க பயமாக இருக்கிறது, ஏசி போட்டால் வண்டி பூராவும் வாடை வரும்.