ஹார்ட் டிஸ்க் மாற்றியாச்சு, பழைய ரெக்கவரி பகுதியைக் காப்பாற்ற வழி உண்டா?

கேள்வி (திருப்பூர்):
வணக்கம்ங்க. 2019இல் விண்டோஸ் 10உடன் வாங்கிய லேப்டாப். ஹார்ட் டிஸ்க்கில் டக் டக்கென்று சத்தம் வந்ததால் எஸ்எஸ்டி (சுழலும் பாகம் இல்லாத புது வகை டிஸ்க்) மாற்றி, விண்டோஸ் 11 போட்டுக் கொடுத்தார்கள். பழைய டிஸ்க்கில் 14 ஜிபிக்கு ரெக்கவரி பகுதி (விண்டோஸ் கெட்டுப்போனால் மீட்க உதவும் இடம்) இருந்தது, புதியதில் 700 எம்பிதான். பழையதை இதில் சேர்க்க முடியுமா? நிட்டிங் ஜாப் ஒர்க் பில் எல்லாம் இதில்தான் போடுகிறேன். ஆர்டர் நேரத்தில் படுத்துவிட்டால் கை ஒடிந்த மாதிரி.

பதில் (ஈரோடு):
அதை விடுங்க, பழைய பில்களை எடுத்துவிட்டீர்களா?

கேள்வி (திருப்பூர்):
2021 வரைக்கும் உள்ளது இன்னும் அதில்தான் இருக்கிறதுங்க.

பதில் (ஈரோடு):
அப்போ முதல் வேலை அதுதான். சத்தம் வரும் டிஸ்க் எப்போது நிற்கும் என்று சொல்ல முடியாது. கழற்றிய டிஸ்க்கை லேப்டாப்பில் இணைக்கும் யுஎஸ்பி சாட்டா கேபிளில் மாட்டி, பில் ஃபோல்டரை மட்டும் முதலில் காப்பி எடுங்கள். 14 ஜிபியை இழுக்கப் போய் டிஸ்க்கை வதைக்க வேண்டாம்.

அந்தப் பகுதியில் இருப்பது கம்பெனி போட்டுத் தந்த விண்டோஸ் 10. அதற்கு மைக்ரோசாஃப்ட் ஆதரவு 2025 அக்டோபர் 14உடன் முடிந்துவிட்டது. காப்பி செய்தாலும் புதிய டிஸ்க்கில் அது பூட் ஆகும் என்ற உறுதி இல்லை. விண்டோஸ் சாவி (லைசென்ஸ் எண்) மதர்போர்டிலேயே இருக்கும், டிஸ்க்கோடு போகாது.

இப்போது ஓடுகிற விண்டோஸிலிருந்தே ரெக்கவரி டிரைவ் (விண்டோஸ் படுத்துவிட்டால் மீட்க உதவும் பென் டிரைவ்) எடுங்கள். ஸ்டார்ட்டில் அந்தப் பெயரைத் தேடி, சிஸ்டம் ஃபைல்களையும் சேர்க்கும் டிக்கை விட்டுவிடாமல் போடுங்கள். 32 ஜிபி பென் டிரைவ் நல்லது, அதில் இருப்பதெல்லாம் அழிந்துவிடும். உங்கள் பில்கள் இதில் சேராது, அதற்குத் தனி பேக்கப் வேண்டும்.

பதில் (பொள்ளாச்சி):
ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள். விண்டோஸ் 11 சில லேப்டாப்புகளில் டிஸ்க்கைத் தானாகவே பூட்டிவிடும். அந்தப் பூட்டுக்குப் பெயர் பிட்லாக்கர்; அதைத் திறக்கும் ரெக்கவரி சாவி 48 இலக்கம், பில் புக்கிலேயே எழுதி வையுங்கள். என் அண்ணன் அது இல்லாமல் இரண்டு நாள் தவித்தார்.

கேள்வி (திருப்பூர்):
நேற்று ராத்திரி உட்கார்ந்து முடித்தேன்ங்க. பென் டிரைவ் போட்டு பூட் செய்து பார்த்தேன், ரிப்பேர் திரை வந்தது. சாவியும் எழுதியாச்சு. பில்களில் 2020 ஃபோல்டர் மட்டும் பாதியில் நின்றுவிட்டது. மறுபடி முயலவில்லை. அந்த வருஷ பில்லுக்கு பனியன் கம்பெனிகளில் நகல் இருக்கும், திங்கட்கிழமை போய்க் கேட்கிறேன்.