‘டாக்சாலஜி’ என்பதற்குத் தமிழில் என்ன சொல்லலாம்?

அன்புள்ள நண்பர்களுக்கு வணக்கம்.

வேதாகமத்தின் கடைசி நூலான வெளிப்படுத்தின விசேஷத்துக்கான விளக்கவுரை ஒன்றை இறையியல் மாணவர்களுக்காகத் தமிழாக்கி வருகிறேன். கலைச்சொற் பட்டியல் இம்மாத இறுதிக்குள் அச்சுக்குப் போக வேண்டிய நிலையில் இறைவனுக்கு மகிமை செலுத்தும் புகழ்ச்சி வாசகத்தைக் குறிக்கும் ‘டாக்சாலஜி’ என்ற ஒரு சொல்லில் வேலை நின்றுவிட்டது. 4, 5 ஆம் அதிகாரங்களில் வரும் பரலோக வழிபாட்டை நூலாசிரியர் வகைப்படுத்திக் காட்டுகிறார். நான்கு ஜீவன்களும் இரவும் பகலும் ஓயாமல் ‘பரிசுத்தர்’ என்று மும்முறை முழங்குவது ஒன்று. இருபத்துநான்கு மூப்பர்கள் தங்கள் கிரீடங்களைச் சிங்காசனத்துக்கு முன் வைத்து, நீரே பாத்திரர் என்று முன்னிலையில் சொல்வது மற்றொன்று. 5:13இல் வானத்திலும் பூமியிலும் பூமியின்கீழும் கடலிலும் உள்ள சிருஷ்டிகள் யாவும் சேர்ந்து, ‘சிங்காசனத்தின்மேல் வீற்றிருக்கிறவருக்கும் ஆட்டுக்குட்டியானவருக்கும்’ (அதாவது கடவுளுக்கும் இயேசுவுக்கும்) என்று நான்காம் வேற்றுமையில் தொடங்கி, ஸ்தோத்திரம், கனம், மகிமை, வல்லமை என்னும் நான்கையும் அடுக்கி, ‘சதாகாலங்களிலும்’ என்று நிறைவு செய்வது மூன்றாவது. அந்த மூன்றாவதையே அவர் டாக்சாலஜி என்கிறார். எல்லாவற்றையும் ‘துதி’ என்றே எழுதினால் அவருடைய பகுப்பு முழுவதும் அழிந்துவிடும். தங்கள் பரிந்துரைகளை எதிர்பார்க்கிறேன்.

— மொழிபெயர்ப்பாளர்

ஐயா,

வேரிலிருந்து தொடங்குவோம். கிரேக்கத்தில் ‘டாக்சா’ என்பது முதலில் கருத்து, பிறர் தரும் மதிப்பு என்ற பொருளில் வழங்கியது. எபிரேய வேதத்தைக் கிரேக்கத்தில் பெயர்த்தவர்கள் ‘காவோத்’ என்ற சொல்லுக்கு அதை ஆண்ட பிறகே, அது இறைவனின் ஒளிமிக்க பெருமையைக் குறிக்கலாயிற்று. ‘காவோத்’தின் வேர்ப்பொருள் பாரம். எடையும் பெருமையும் ஒரே சொல்லில் உறைவது தமிழுக்குப் புதிதன்று. ‘சமன்செய்து சீர்தூக்குங் கோல்போல்’ என்னும் குறளில் சீர் என்பது எடை. ‘சீரும் சிறப்பும்’ என்னும்போது அதுவே பெருமை. யாப்பில் அசைகளால் ஆகி அடியைத் தாங்கும் உறுப்பும் சீரே. மணமகளோடு செல்லும் பொருளும் சீரே. மதிப்புள்ளது, நிறையுள்ளது என்ற கருத்து இவை அனைத்திலும் ஊடுருவி நிற்பதாகக் கருதுகிறேன். தேவாரம் முழுவதும் ‘ஏத்து’ என்ற வினை பயில்கிறது. ஆகவே ‘சீரேத்து’ என்று வையுங்கள். மகிமை, ஸ்தோத்திரம் ஆகிய வடசொற்களைப் புதிதாகச் சொல்லாக்கும்போதாவது விலக்குவது நம் கடமை.

— தமிழாசிரியை

அம்மா,

தங்கள் ஆய்வை மதிக்கிறேன். முடிவை ஏற்க இயலவில்லை. எடையும் பெருமையும் ஒருங்கே வேண்டுமானால் ‘கனம்’ என்ற சொல் திருச்சபையின் வாயில் ஏற்கெனவே இருக்கிறது. ஆனால் நம் வேதாகமத்தில் அது ‘டிமே’ என்ற வேறொரு கிரேக்கச் சொல்லுக்கு உரியதாகிவிட்டதால் அதையும் இங்கே எடுக்க முடியாது. ‘சீரேத்து’ என்று படிக்கும் மாணவருக்கு யாப்பு நினைவுக்கு வரும், அல்லது கல்யாண வீடு நினைவுக்கு வரும். சிங்காசனம் நினைவுக்கு வராது. 1995இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பு ‘மாட்சி’ என்ற சொல்லை ஆண்டு, கத்தோலிக்கரிடம் அதைப் பழக்கிவிட்டது. நம்மவருக்கும் அது விளங்கும். எனவே ‘மாட்சியுரை’ போதும். உரை என்றால் உரைநடை அல்லது விளக்கம் ஆகிவிடாதா என்று கேட்பீர்கள். இந்த இரண்டு அதிகாரங்களிலும் ‘பாடினார்கள்’ என்று வருவது 5:9இல் மட்டுமே. தூதர்கள் ‘மகா சத்தமிட்டு’ முழங்குவதும், சிருஷ்டிகள் எல்லாம் சேர்ந்து அறிக்கையிடுவதும் மூலத்தில் ‘சொல்லுதல்’ என்ற வினையாலேயே குறிக்கப்படுகின்றன.

— ஆயர் ஒருவர்

அனைவருக்கும் வணக்கம்.

இலக்கண நுட்பம் ஒன்றை இதுவரை யாரும் தொடவில்லை. 5:13இன் கிரேக்க மூலத்தில் அந்தப் புகழ்ச்சிக்கு வினைமுற்றே இல்லை. ‘உண்டாவதாக’ என்ற வியங்கோள் நம் மொழிபெயர்ப்பாளர்கள் சேர்த்தது. குறைவே இல்லாத ஒருவருக்கு மகிமை உண்டாவதாக என்று படைப்புகள் வாழ்த்துவது பொருந்துமா என்று கேட்கத் தோன்றும். பெரியாழ்வார் திருமாலுக்கே பல்லாண்டு பாடினார். காப்பவனுக்கே காப்பிட்ட அந்தச் செயலுக்கு வைணவ ஆசாரியரான மணவாள மாமுனிகள் ‘பொங்கும் பரிவு’ என்று காரணம் சொன்னார். பெறுபவருக்குத் தேவை இருப்பதால் பிறப்பதன்று அந்த வாழ்த்து. சொல்பவரின் அன்பு அளவு மீறுவதால் பிறப்பது. ஆட்டுக்குட்டியானவர் முன் எழும் ஒலியும் அத்தகையதே. ‘உரை’ என்றால் இந்த உயிர் போய்விடும். ‘மாட்சி வாழ்த்து’ என்பதே தகும்.

— பாசுரங்களில் தோய்ந்த ஒரு வாசகன்

நண்பர்களே,

பல்லாண்டு பற்றிய மடல் என்னை இரண்டு நாள் விடவில்லை. ஆயினும் அதற்கு எதிரான சான்றுகளை இங்கே வைக்க வேண்டியிருக்கிறது. பழைய கிரேக்கப் படிகளில் யூதா 25ஆம் வசனம், மகிமை ‘எல்லாக் காலத்துக்கும் முன்னும், இப்போதும், எக்காலத்துக்கும்’ அவருக்கு உரியது என்கிறது. கடந்துபோன காலத்துக்கு எவரும் வாழ்த்துச் சொல்ல முடியாது. உள்ளதை உள்ளதென்று அறிக்கையிடத்தான் முடியும். 1 பேதுரு 4:11இல் ‘உண்டு’ என்ற பொருளுடைய வினையே வெளிப்படையாக நிற்கிறது. இவற்றையும் உள்ளடக்க வேண்டிய சொல் என்பதால், பெரும்பாலோர் விரும்பியபடி ‘மாட்சியுரை’யைப் பட்டியலில் சேர்க்கிறேன். ‘சீரேத்து’ என்பதை ஆசிரியை அவர்கள் இன்னும் கைவிடவில்லை என்பதையும் அறிவேன்.

— மொழிபெயர்ப்பாளர்

ஐயா,

தங்கள் நெருக்கடி புரிகிறது, அச்சுக்கு அனுப்புங்கள். என் மறுப்பு நிற்கிறது. அந்தப் புகழ்ச்சி முடிந்ததும் நான்கு ஜீவன்கள் ‘ஆமென்’ என்கின்றன. சங்கீதம் 41:13இல் உள்ள ‘ஆமென்’ என்பதை எபிரேய வேதத்தின் பழைய கிரேக்கப் பெயர்ப்பான எழுபதின்மர் மொழிபெயர்ப்பு ‘ஆகுக’ என்ற விழைவுப் பொருளிலேயே பெயர்த்திருக்கிறது. உரைக்கு எவரும் ‘ஆகுக’ என்று சொல்வதில்லை, வாழ்த்துக்குத்தான் சொல்வார்கள். ‘மாட்சி வாழ்த்து’ என்பதை அடிக்குறிப்பிலாவது சேர்த்துவிடும்படி வேண்டுகிறேன்.

— அதே வாசகன்