டிராஃபல்கர் சதுக்கத்து மரத்தில் நேராகத் தொங்கும் சரங்கள்

வடகரையான்:
"மூன்று மணி நேரத்தில் லண்டன் கிறிஸ்துமஸ் விளக்குகள்" என்று நண்பர் நடைப்பயணி நேற்று இட்ட வழிகாட்டியைப் படித்த பிறகு பேசாமல் இருக்க முடியவில்லை. "டிராஃபல்கர் சதுக்கத்துக் கிறிஸ்துமஸ் மரத்தைத் தவிர்த்துவிடலாம், சிக்கனம் பார்த்து நான்கு விளக்குச் சரங்களை மேலிருந்து கீழே தொங்கவிட்டிருக்கிறார்கள்" என்கிறார். அது சிக்கனம் அல்ல, நார்வே நாட்டு வழக்கம். இரண்டாம் உலகப் போரில் தங்கள் மன்னர் ஏழாம் ஹாக்கோனுக்கு லண்டன் புகலிடம் தந்ததையும் பிரிட்டன் துணை நின்றதையும் மறவாமல், நார்வேயின் தலைநகரான ஆஸ்லோ 1947 முதல் ஆண்டுதோறும் அனுப்பும் ஸ்ப்ரூஸ் என்னும் ஊசியிலை மரம் அது. சரத்தை நேராகத் தொங்கவிடுவது அவர்கள் ஊர் முறை.

நடைப்பயணி:
வரலாற்றுப் பாடத்துக்கு நன்றி. நான் எழுதியது கண்ணுக்குத் தெரிவதைப் பற்றி. ரீஜன்ட் தெருவில் தலைக்கு மேலே சிறகு விரித்த விளக்குத் தேவதைகளை அண்ணாந்து பார்த்தபடியே நடந்துவந்த என் மகள், இந்த மரத்தின் முன்னால் நின்று, "இன்னும் கட்டி முடிக்கவில்லையா, அப்பா?" என்று கேட்டாள். அவளிடம் நான் ஹாக்கோன் மன்னரின் கதையையா சொல்லிக்கொண்டிருப்பது?

வடகரையான்:
சொல்லியிருக்க வேண்டும். ரீஜன்ட் தெரு விளக்குகள் 1954இலும் ஆக்ஸ்ஃபோர்டு தெரு விளக்குகள் 1959இலும் தொடங்கின. இரண்டுமே கடைத்தெருக்கள், கூட்டத்தை இழுக்க ஏற்றிய விளக்குகள். மரமோ நன்றிக்கடன். தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கும் பழக்கம் நம்மவர்களை விட்டுப் போகவே போகாது போலும். மீண்டும் சொல்கிறேன்: சரம் நேராகத் தொங்குவது வழக்கம், கஞ்சத்தனம் அல்ல.

ஈஸ்ட்ஹாம்காரன்:
சரம் எப்படித் தொங்கினால் எனக்கென்ன? இதே நடைப்பயணி சென்ற ஆண்டு எழுதிய வழிகாட்டியில், டிசம்பர் 25 அன்று சுரங்க ரயிலும் பேருந்தும் ஓடா என்ற ஒரே ஒரு வரி இல்லை. ஊரிலிருந்து வந்த மாமனாரையும் மாமியாரையும் கம்பளிக்குள் பொதிந்து அழைத்துச் சென்று, பூட்டிய நிலையக் கதவின் முன்னால் நின்றவன் நான்.

நடைப்பயணி:
ஐயா, லண்டனில் குடியிருப்பவருக்கு அதையும் நான்தான் சொல்ல வேண்டுமா?

பனிமலர்:
2021இல் வந்த மரத்தில் ஒரு பக்கம் கிளையே இல்லை என்று ஊரே கேலி செய்ததை வடகரையான் அவர்கள் வசதியாக மறந்துவிட்டார்.

வடகரையான்:
கிளையைப் பற்றி இங்கே யார் பேசினார்கள்? பேச்சு சரத்தைப் பற்றியது. மரம் இருபது மீட்டருக்குமேல் உயர்ந்தது. ஆனால் அருகில் ஐம்பது மீட்டரைத் தாண்டிய நெல்சன் தூண் நிற்கிறது. யானைக்குப் பக்கத்தில் கட்டினால் எருமையும் கன்றாகத்தான் தெரியும். மாலையில் அதன் அடியில் நின்று கிறிஸ்துமஸ் கீதம் பாடுகிறவர்களின் வாயிலிருந்து புகைபோல மூச்சு எழ, பின்னால் அந்த நேர்க்கோடுகள் மழைத்தாரைபோல இறங்கும் காட்சியைக் கைப்பேசியைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

பனிமலர்:
மழைத்தாரையாம்! எனக்கு வாழைநார் காயப்போட்டதுபோல் இருந்தது.

நடைப்பயணி:
என் வழிகாட்டியில் ஓர் எழுத்தையும் மாற்றப்போவதில்லை. நான்கு சரம் என்று எழுதினேன், நான்கு சரம்தான்.

வடகரையான்:
நான்கு என்று எண்ணியவர் மரத்தை ஒரு சுற்றுகூடச் சுற்றிவரவில்லை என்பது இப்போது தெளிவாகிவிட்டது. ஜனவரி முதல் வாரத்தில் மரத்தை இறக்கிவிடுவார்கள். அதற்குள் நானே போய் எண்ணிவந்து இங்கே எழுதுகிறேன். நார்வேக்காரர் வழக்கத்தைக் கஞ்சத்தனம் என்றதற்கு இதுவரை பதில் வரவில்லை என்பதையும் குறித்துவைக்கிறேன்.

ஈஸ்ட்ஹாம்காரன்:
போகும் நாளில் ரயில் ஓடுகிறதா என்று வேறு யாரிடமாவது கேட்டுக்கொள்ளுங்கள்.