கடலடி அழுத்தப் பதிவி: ‘அலைமானி’ ஏன் பொருந்தாது

> ‘பாட்டம் பிரஷர் ரெக்கார்டர்’ என்பதற்கு ‘ஆழ்கடல் அலைமானி’ என்று வைக்கலாமா? ஆழிப்பேரலையை அளப்பதுதானே அதன் வேலை?

ஐயா, சொல் காதுக்கு இனிமையாக இருக்கிறது. ஆனால் கடலடியில் வைக்கப்படும் அந்தக் கருவி அலையை அளப்பதில்லை. தன் தலைமேல் நிற்கும் நீரின் அழுத்தத்தை அளக்கிறது. அலை உண்டா இல்லையா என்பதை அதிலிருந்து நாம்தான் கண்டுகொள்கிறோம்.

4,000 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் ஏறத்தாழ 4 லட்சம் ஹெக்டோபாஸ்கல் (அழுத்தத்தின் அலகு). மேலே நீர்மட்டம் 1 செ.மீ. உயர்ந்தால் அதில் கூடுவது சுமார் 1 ஹெக்டோபாஸ்கல். உள்ளே இருக்கும் குவார்ட்ஸ் படிகத்தின் அதிர்வெண் அழுத்தத்துக்கேற்ப மாறும், 1 மி.மீ. நீர்மட்ட மாற்றத்தைக்கூட அது பிடித்துவிடும். காற்றால் எழும் அலைகள் எவ்வளவு உயரமானாலும் அந்த ஆழத்துக்கு எட்டா. தம் அலைநீளத்தில் பாதி ஆழத்துக்குள் அடங்கிவிடும். ஆழிப்பேரலைக்கு அலைநீளம் நூறு கிலோமீட்டரையும் தாண்டுவதால் அடிவரை அழுத்தம் மாறுகிறது. ‘அலைமானி’ என்றால் படிப்பவர் மனத்தில் வருவது மேற்பரப்பு அலையை அளக்கும் மிதவைதான்.

இதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. நிலநடுக்கத்தால் கடல்தரை எழும்பிய இடத்திலேயே கருவி இருக்கிறது என்று வையுங்கள். தரை 1 மீட்டர் உயரும்போது அதன் மேலுள்ள நீர்மட்டமும் ஏறக்குறைய அதே அளவு உயரும். இடையில் நிற்கும் நீரின் உயரம் மாறவில்லை. குலுக்கலின் இரைச்சலைக் கழித்துவிட்டுப் பார்த்தால் அழுத்தமும் மாறியிருக்காது! மேடிட்ட நீர் நாலாபுறமும் வடிந்த பிறகுதான் அழுத்தம் குறைந்து, தரை உயர்ந்தது தெரியவரும். அலை பிறக்கும் இடத்திலேயே அதைக் காட்டாத கருவிக்கு ‘அலைமானி’ என்று பெயர் வைத்தால், அதன் வரைபடத்தைப் படிக்கும் மாணவர் தவறாகவே புரிந்துகொள்வார்.

என் முன்மொழிவு: கடலடி அழுத்தப் பதிவி. ‘கடல்தரை’யையும் எண்ணிப் பார்த்தேன், இலக்கணப்படி சேர்த்தால் ‘கடற்றரை’ ஆகி வாசிப்பவரைத் தடுமாற வைக்கும்.

> ‘பதிவி’க்குப் பதில் ‘உணரி’ என்றால் இன்னும் எளிமையாக இருக்குமே?

உணரி அதன் ஓர் உறுப்பு மட்டுமே. மேலே சொன்ன படிகம்தான் அது. அதோடு கணினிப் பலகை, மின்கல அடுக்கு, ஒலி மோடம் எல்லாம் சேர்ந்தே கடலடியில் இறங்குகின்றன. 15 நொடிக்கு ஒருமுறை அளந்து சேமிக்கிறது. கடந்த 3 மணி நேர அளவீடுகளைக் கொண்டு ஓதம் (கடல்மட்டத்தின் அன்றாட ஏற்ற இறக்கம்) இப்போது எவ்வளவு இருக்க வேண்டும் என்று கணித்து ஒப்பிடுகிறது. அடுத்தடுத்த இரண்டு அளவீடுகள் கணிப்பிலிருந்து விலகுவது எல்லையை மீறினால் (வட பசிபிக்கில் இது 3 செ.மீ.) ஒலி வழியாக மேலே மிதவைக்குச் சொல்கிறது, மிதவையிலிருந்து செயற்கைக்கோள் வழியாக ஆழிப்பேரலை எச்சரிக்கை மையத்துக்குப் போகிறது. பதிந்து வைக்காமல் இந்த ஒப்பீடே நடக்காது. ஆகவே ‘பதிவி’ இருக்கட்டும்.

> ‘ஈவென்ட் மோடு’ = ‘எச்சரிக்கை நிலை’?

எல்லை மீறியதும் கருவி மாறும் நிலைக்கு இந்தப் பெயர் கட்டாயம் வேண்டாம். நிலநடுக்க அதிர்வு நொடிக்குச் சில கிலோமீட்டர் வேகத்தில் வந்து கடலடியைக் குலுக்கும். அந்தக் குலுக்கலே எல்லையை மீறச் செய்துவிடும். ஆழிப்பேரலை அப்போது நொடிக்கு 200 மீட்டர் வேகத்தில் பின்னால் வந்துகொண்டிருக்கலாம். வராமலே போகவும் கூடும். கருவி செய்வதெல்லாம் அளவீடுகளை அடிக்கடி அனுப்பத் தொடங்குவதுதான்: முதல் சில நிமிடங்களுக்கு 15 நொடி அளவுகள், பிறகு 1 நிமிடச் சராசரிகள். சராசரியில் குலுக்கல் கரைந்து, அலை இருந்தால் அது தனித்துத் தெரியும். எச்சரிக்கை விடுப்பது மையம். கருவி ‘எச்சரிக்கை நிலை’க்குப் போனது என்று செய்தியில் வந்தால் கரையோர மக்கள் வீணாக ஓடுவார்கள், இரண்டு முறை அப்படி ஓடியவர்கள் மூன்றாம் முறை நகரமாட்டார்கள். ‘விழிப்பு நிலை’ போதும்.

‘கடலடி’ என்ற முன்னொட்டை மட்டும் சுருக்கம் கருதி விட்டுவிடாதீர்கள். துறைமுக ஓதமானிகளிலும் அழுத்த உணரிகள் உண்டு. வெறும் ‘அழுத்தப் பதிவி’ என்றால் இரண்டும் குழம்பிப்போகும்.