இழுத்து நகர்த்தும் எண்கோடு: என்ன பெயர்?

பட்டர்வொர்த்திலிருந்து:
வணக்கம். படிவம் 1-க்குப் போகும் தமிழ்ப்பள்ளி மாணவர்களுக்கான பயிற்றி வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. திரையில் புள்ளியை இழுத்தால் விடையும் கூடவே மாறும் எண்கோட்டுக்குப் பெயர் வேண்டும். இடைநிலைப்பள்ளியில் ‘காரிஸ் நோம்போர்’ என்று மலாயில் படிக்கப்போகிறார்கள்; அதற்குள் கருத்து தமிழில் பதிய வேண்டும். ‘ஊடாடும் எண்கோடு’ போடலாமா?

செந்தூலிலிருந்து:
ஆசிரியை, ஊடாடுதல் என்றால் நடுவே புகுந்து பழகுதல். இங்கே கை செய்வது இழுப்பது. ஊறுகாய், சுடுசோறு போல வினைத்தொகையாக ‘இழுகோடு’ என்போம்.

ஜார்ஜ்டவுனிலிருந்து:
வினைத்தொகையில் வல்லினம் மிகாது என்று நமக்குத் தெரியும், பிள்ளைக்குத் தெரியாது. ஒரு ‘க்’ கூடினால் ‘இழுக்கோடு’, அதாவது குற்றத்தோடு! குறள் 467 முடிவதே இழுக்கில்தான். தவிர, கோடுதல் என்றால் வளைதல். வளையாத நடுவுநிலையை வள்ளுவர் கோடாமை என்றார். நேராக ஓடுவதற்குக் கோடு என்ற பெயரே பொருந்தாது. ‘எண்நேரி’ என்று மாற்றுவோம்.

பிரிக்பீல்ட்ஸிலிருந்து:
ஐயா, எண்கோடு வேரூன்றிய சொல். அதைத் தொட வேண்டாம். கருவியைக் கவனியுங்கள். 5+3-க்குப் பிள்ளையிடம் 7 என்ற தவறான விடை வருவது, தொடங்கும் 5-ஐயே ‘ஒன்று’ என எண்ணுவதால். புள்ளி நகர நகரத் தாவலுக்கொரு வளைவு விழ வேண்டும். பிள்ளை தாவலை எண்ணும்.

சார்புக்கு, அதாவது உள்ளே போடும் எண்ணை ஒரு விதிப்படி மாற்றித் தருவதற்கு, இரண்டு கோடுகள்: மேலே உள்ளீடு, கீழே வெளியீடு, இடையே அம்புகள். ‘3 கூட்டு’ என்றால் அம்புகள் இணையாகச் சாயும். ‘2-ஆல் பெருக்கு’ என்றால் விரியும். ‘6-இலிருந்து கழி’ என்றால் எல்லாம் ஒரே இடத்தில் வெட்டும். வர்க்கத்துக்கு, மேற்புள்ளியை −3-இலிருந்து வலப்பக்கம் இழுத்தால் கீழ்ப்புள்ளி 9-இலிருந்து 0 வரை வந்து திரும்பிப் போகும். கீழ்க்கோட்டின் அளவுகோல் தானாகச் சுருங்கினால் இந்த விரிவு எதுவும் தெரியாது. இரண்டுக்கும் ஒரே அளவு வையுங்கள். புள்ளி முழு எண்ணில் மட்டும் ஒட்டினால், இரட்டிப்பில் 5 வரவே வராது என்று பிள்ளை முடிவுகட்டிவிடும். 2.5-இல் நிற்க விடுங்கள்.

இந்தச் சோடிக்கு ‘இரட்டை எண்கோடு’ போதும்.

ஜார்ஜ்டவுனிலிருந்து:
அளவுகோல் பற்றிச் சொன்னது சரி. நேரியை விட மாட்டேன்.

செந்தூலிலிருந்து:
ஊடாடும் என்பதைப் பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு யார் விளக்குவது? இழுகோடு என்றால் விரல் தானாகப் போகும்.

பட்டர்வொர்த்திலிருந்து:
அச்சகம் காத்திருக்கிறது. தலைப்பில் ‘ஊடாடும் எண்கோடு’, முதல் பக்கத்தில் ‘புள்ளியை இழுத்துப் பார்’. இரட்டை எண்கோட்டை அப்படியே எடுத்துக்கொண்டேன்.

செந்தூலிலிருந்து:
அடுத்த பதிப்புக்கு இழுகோட்டை மறுபடி முன்மொழிவேன்.