ஸ்க்ராட்ச் அசே: மருந்து போடாத வெல்லிலயும் கீறல் மூடுது, என்ன செய்யலாம்?

கல்லடிப் புள்ள:
மூலிகைச் சாறு ஒண்டு மார்புப் புற்றுநோய்க் கலங்கள்ட நகர்வக் குறைக்குதா எண்டு ஸ்க்ராட்ச் அசேயால பாக்கிறன்: பிளேட்டில படர்ந்த கலப் படையக் கீறி, அந்த இடைவெளி எவ்வளவு மூடுது எண்டு அளக்கிறது. எம்.டி.ஏ.-எம்.பி.-231 எண்ட மார்புப் புற்றுநோய்க் கலம், 6 வெல் (குழி) பிளேட், 200 மைக்ரோலீற்றர் பிப்பெற் ரிப்பால கீறல், மீடியத்துல (வளர்ப்புத் திரவத்துல) 10% சீரம். சாறு போடாத வெல் 24 மணித்தியாலத்துல மூடிப் போகுது, போட்டது பாதி திறந்து கிடக்கு. நகர்வு குறையுது எண்டு எழுதலாமா? கீறக்குள்ள ஓரத்துக் கலங்கள் தாளாட்டம் உரிஞ்சும் வருது.

சம்மாந்துறை நானா:
இப்ப எழுதாதீங்க தங்கச்சி. ஓரத்துக் கலம் ஊர்ந்து வந்தும் மூடும், கலம் பிரிஞ்சு பெருகியும் மூடும். 10% சீரத்துல ரெண்டும் நடக்கும். சீரத்த 1% அளவுக்கு இறக்குங்க. இல்லாட்டி கீற முந்தி, கலம் பிரியிறத நிப்பாட்டுற மைற்றோமைசின் சி, மில்லிலீற்றருக்கு 10 மைக்ரோகிராம், 2 மணித்தியாலம் வெச்சு நல்லாக் கழுவுங்க. நச்சுச் சாமான், கையுறை இல்லாமத் தொடப்படாது. படம் 0, 6, 12 மணித்தியாலத்துல எடுங்க. மூடின பிறகு அளக்க என்ன இருக்கு? பிளேட்டுக்கு அடியில மார்க்கரால கோடு போட்டா அதே இடம் திரும்பக் கிடைக்கும்.

எல்லாத்துக்கும் முந்தி எம்.ரி.ரி. (கலம் உயிரோட இருக்கா எண்டு பாக்கிற சோதனை) செய்தீங்களா? செத்த கலம் நகராதுதானே. அத மருந்துட வெற்றி எண்டு எழுதுற ஆக்களும் இருக்காங்க. சாறு டி.எம்.எஸ்.ஓ. எண்ட கரைப்பான்ல கரைச்சதெண்டா கண்ட்ரோலுக்கும் (சாறு போடாத வெல்லுக்கும்) அந்தக் கரைப்பான் அதே அளவு போடணும்.

உரியிறது, கலம் நிரம்பிப் போய்க் கனநேரம் கிடந்த பிளேட்டில நடக்கிறது. நிரம்பின உடனே கீறுங்க, கழுவுற உப்புக் கரைசல் பி.பி.எஸ்.ஸ வெல்லுட சுவரோரமா மெதுவா விடுங்க.

செங்கலடி அக்கா:
நானா சொன்னது சரி, ஆனா கீறல் தட்டைப் பிளாஸ்டிக்கில ஓடுற ஓட்டம். இழையத்துக்குள்ள துளைச்சுப் போகுதா எண்டு பாக்க 8 மைக்ரோமீற்றர் துளை டிரான்ஸ்வெல்லுக்கு (அடியில துளைச் சவ்வு வெச்ச சின்னக் கிண்ணம்) மேல மற்றிஜெல் (இழையத்தாட்டம் இருக்கிற புரத ஜெல்) பூசணும். விலைதான் கடிக்கும். கட்டி வளர்றதப் பாக்க மலிவான வழி இருக்கு: 96 வெல் பிளேட்டில 1.5% அகரோஸ் (கடற்பாசியில எடுக்கிற ஜெல்) 50 மைக்ரோலீற்றர் ஊத்தி இறுக விட்டு, மேல கலத்தப் போடுங்க. ஒட்ட இடமில்லாம உருண்டையாச் சேரும்.

கல்லடிப் புள்ள:
நன்றி அக்கா. 231 உருண்டையாகுமா?

செங்கலடி அக்கா:
தளர்ந்த கும்பலாத்தான் நிக்கும், மீடியத்துல கொஞ்சம் மற்றிஜெல் கலந்தா இறுகும். எம்.சி.எப்.-7 எண்ட இன்னொரு மார்புப் புற்றுநோய்க் கலம் தானாவே இறுகும், ஆனா அது நகர்றது குறைவு. விட்டம் 500 மைக்ரோமீற்றரத் தாண்டினா நடுவுக்கு ஒட்சிசன் போகாம கலம் சாகத் தொடங்கும். மெய்யான கட்டியிலயும் அதுதானே நடக்குது.

கல்லடிப் புள்ள:
மற்றிஜெல் கொஞ்சம் கடனாக் கிடைக்குமா நானா?

சம்மாந்துறை நானா:
சின்னப் பங்காப் பிரிச்சு உறைய வெச்சுத் தாறன். ஐஸ் பெட்டியோட வாங்க. சும்மா பஸ்ஸில கொண்டு போனா களுவாஞ்சிக்குடி தாண்ட முந்தி சூட்டுல இறுகிரும்.