அந்தமான் மானுடவியல் அருங்காட்சியகத்தில் எதை நின்று பார்க்க வேண்டும்?

கேள்வி:
அடுத்த மாதம் பெற்றோருடன் போர்ட் பிளேர், அதாவது இப்போதைய ஸ்ரீ விஜயபுரம் செல்கிறோம். செல்லுலார் சிறையைப் பார்ப்பது உறுதி. மானுடவியல் அருங்காட்சியகத்துக்கும் ஒரு முற்பகலை ஒதுக்க எண்ணுகிறேன். பெட்டி பெட்டியாகப் பார்த்துக்கொண்டே வெளியே வந்துவிடாமல் இருக்க, எவற்றைக் கவனிக்க வேண்டும் என்று அறிந்தவர்கள் கூறவும். மறுநாள் பாராடாங் தீவுக்குச் செல்லும் திட்டமும் உண்டு.

பதில் 1:
தாராளமாக ஒதுக்கலாம். அந்தமானையும் நிக்கோபாரையும் ஒன்றாகக் கலந்து பார்க்காதீர்கள் என்பதே என் முதல் யோசனை. கிரேட் அந்தமானியர், ஓங்கே, ஜாரவா, சென்டினலியர் ஆகிய அந்தமான் பழங்குடியினர் வேட்டையாடியும் மீன்பிடித்தும் கிழங்கும் தேனும் சேகரித்தும் வாழ்ந்துவந்தவர்கள்; நிக்கோபார் மக்களோ தென்னையும் பன்றியும் வளர்த்து, தாழம்பழத்தை வேகவைத்து உணவாக்கி, உயர்ந்த கால்களின் மேல் தேன்கூடு போன்ற வட்ட வீடுகளை எழுப்பியவர்கள். கார் நிக்கோபாரின் பல கடலோர ஊர்கள் 2004 டிசம்பர் சுனாமியில் அழிந்துபோனதை நினைவில் வைத்துக்கொண்டு அவ்வீடுகளின் மாதிரிகளைப் பாருங்கள். படகுகளையும் ஒப்பிடலாம். ஓங்கேக்கள் மரத்தைக் குடைந்து, பக்கத்தில் மிதவை கட்டிய தோணி செய்வார்கள்; ஜாரவாக்களின் மரபில் தோணி கிடையாது, ஓடைகளைக் கடக்கத் தெப்பம் மட்டுமே.

பதில் 2:
அம்பு முனைகளையும் விட்டுவிடாதீர்கள். 1981-இல் வட சென்டினல் தீவருகே தரைதட்டிய பிரிம்ரோஸ் என்னும் சரக்குக் கப்பலின் இரும்பைச் சென்டினலியர் எடுத்துப் பயன்படுத்தினர். அவர்களைக் 'கற்கால மனிதர்கள்' என்று எழுதும் செய்தித்தாள்கள் இதைப் பொருட்படுத்துவதே இல்லை.

பதில் 3:
பாராடாங் சாலை ஜாரவா காப்புக் காட்டின் ஊடாகச் செல்வதால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். வழியில் வண்டியை நிறுத்துவதும், ஜாரவாக்களைப் படம் எடுப்பதும், அவர்களுக்கு உணவு கொடுப்பதும் சட்டப்படி தடை செய்யப்பட்டவை. பழங்குடியினர் பாதுகாப்புக்கான 1956 ஆம் ஆண்டின் ஒழுங்குமுறை அங்கு நடப்பில் உள்ளது. "ஜாரவாவைக் காட்டுகிறேன்" என்று ஆசை காட்டும் ஓட்டுநரை அப்போதே மறுத்துவிடுங்கள். அவர்களைப் பற்றி அறிந்துகொள்ள அருங்காட்சியகமே முறையான இடம் என்பதால், பாராடாங்குக்கு முன்பே அங்கு செல்லும் உங்கள் திட்டம் சரியானது.

கேள்வி கேட்டவர்:
நன்றி. சுண்ணாம்புக் குகைகளுக்காகத்தான் பாராடாங் செல்கிறோம். ஓட்டுநரிடம் முன்கூட்டியே பேசிவிடுகிறேன். சங்கு, பவளம் ஆகியவற்றையும் அம்மா பார்க்க விரும்புகிறார்.

பதில் 1:
அவற்றுக்குக் கடற்படை நடத்தும் சமுத்ரிகா அருங்காட்சியகம் ஏற்றது. அதே ஊரில்தான் உள்ளது.